ஓக்கைச் சாத்தினவன்

அப்பா என் அறைக்குள் வந்ததும் முதலில் பார்த்தது கதவைத்தான். மேசை, கட்டில், ஜன்னலுக்கு வெளியே யாரும் மிதிக்கக்கூடாத அந்தப் புல்வெளி, எதுவும் அவர் கண்ணில் படவில்லை. தொழில் அப்படி. வட இங்கிலாந்தில் கடலோரம் இருக்கும் எங்கள் ஊர் வொர்க்கிங்டனில் பாதி வீடுகளுக்குக் கதவு ஜன்னல் பொருத்தியவர் அவர்.

"டேய் கிரேக், இங்க வா. இதத் தட்டிப் பாரு."

தட்டினேன். விரல் வலித்தது.

"ஓக்கு மரம்டா. ரெண்டு அங்குலம் கனம். இப்பல்லாம் எவன் போடறான் இந்த மாதிரி? அட்டையில செஞ்சு மரம்னு விக்கிறானுங்க."

அறைக்கு இரண்டு கதவுகள். படிக்கட்டுப் பக்கமாகத் திறக்கும் ஓக் கதவு ஒன்று. அதிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, அறைப் பக்கமாகத் திறக்கும் சாதாரணக் கதவு ஒன்று. அப்பா ஓக்கின் கீலை ஆட்டிப் பார்த்தார். விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். காற்று புகவில்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அந்த ஊரில் அவருக்குப் பிடித்த ஒரே பொருள் அந்தக் கதவு என்று நினைக்கிறேன்.

"ரெண்டையும் சாத்தியே வையி. வெளிக்கதவத் தொறந்து போட்டன்னா அறை சூடே ஏறாது. புரியுதா?"

இதைச் சொல்லவே வேண்டாம். எங்கள் தெருவில் கடல் காற்றுக்குப் பயந்து எல்லா வீட்டுக்கும் வாசலில் இரட்டைக் கதவுதான். வெளிக்கதவு திறந்து கிடக்கும் வீட்டைப் பற்றித் தெருவே பேசும். ஒன்று, அங்கே யாரோ செத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்காரிக்குத் துப்பு இல்லை.

அப்பா கிளம்பினார். கையை நீட்டினார், குலுக்கினேன். வேன் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து இரண்டு கதவையும் சாத்தினேன். ஆறு வாரம் கழித்து, படிப்பு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட தாளுடன் அதே கதவு வழியாக வெளியே வந்தேன். நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

அது தொண்ணூற்றிரண்டு அக்டோபர். கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகம் என்று ஒரு கட்டடம் கிடையாது. முப்பத்துச் சொச்சம் கல்லூரிகள்தான். பாடம் ஊருக்குப் பொது. தூங்குவதும் தின்பதும் திட்டு வாங்குவதும் அவரவர் கல்லூரியில். என்னுடையது செயிண்ட் ஆஸ்மண்ட். அங்கே அறைகள் வரிசையாக இருக்காது. மாடிப்படிக்கு மாடிப்படி தனிக் குடித்தனம். எங்கள் ஜி மாடிப்படியில் தளத்துக்கு இரண்டு அறைகள், எதிரும் புதிருமாக. முற்றத்திலிருந்து மூன்று படி ஏறினால் இடது பக்கம் நான், வலது பக்கம் நெரிஸ் ப்ரோபர்ட். படியடியில் ஒரு கறுப்புப் பலகை, அதில் வெள்ளை எழுத்தில் எல்லார் பெயரும் கையால் எழுதியிருக்கும்.

மற்றவர்கள் சனிக்கிழமையே வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு ஒரு வேலை முடியாமல் இழுத்ததால் நான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டாம் வருஷத்துக்காரர்கள் புதியவர்களையெல்லாம் கல்லூரி பாரில் உட்காரவைத்துப் பேசினார்களாம். மேல் அறை ஜூலியன்தான் சொன்னான். இரண்டாம் வருஷம், படகு வலிப்பவன், ஆறடி மூன்று அங்குலம்.

"என்ன சொன்னீங்க எல்லாருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பெருசா இல்லப்பா. வழக்கமான உளறல்தான். நீ எதையும் விட்டுடல."

அந்த ஊர்க்காரர்களுக்கு முக்கியமான எதையும் முக்கியம் என்று சொல்ல வராது. வீடு பற்றி எரிந்தால்கூடக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பார்கள்.

முதல் வாரம் உணவுக்கூடத்தில் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். லத்தீனில் ஜபம் சொன்னார்கள், எழுந்தோம், உட்கார்ந்தோம். எதிரே இருந்தவன் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டான். வொர்க்கிங்டன் என்றேன்.

"ஓ, ஏரிப் பக்கமா? ரொம்ப அழகான எடமாச்சே."

"ஏரிப் பக்கம் இல்ல. அதத் தாண்டி. உருக்காலை இருக்கற எடம்."

"ஓ," என்றான் மறுபடி. உருளைக்கிழங்கை நகர்த்தினான். மறுநாள் வேறு ஒருவன், அதே ஏரி. மூன்றாம் நாள் நானே ஏரிப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் கூடம் திறக்கும் நேரத்துக்கே போய், பதினோரு நிமிஷத்தில் தின்றுவிட்டு வரப் பழகினேன். இரண்டு வாரம் போனதும் அதையும் விட்டுவிட்டுப் படிக்கட்டுக்குப் பின்னால் இருந்த சின்னச் சமையலறையில் டப்பா பீன்ஸைச் சுட வைத்து ரொட்டியில் கொட்டிக்கொண்டேன்.

துக்கம் என்று சொல்லமுடியாது. துக்கப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பல் டாக்டர் ஊசி போட்டபின் உதட்டைக் கடித்தால், கடிப்பது தெரியும், வலிக்காது. அப்படித்தான் இருந்தது. பாடத்துக்குப் போனேன். புதன்கிழமை வேதியியல் கூடத்தில் குடுவை கழுவினேன். வியாழக்கிழமை ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து அந்த வாரத்துக் கணக்குகளை விளக்கினேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது. அதுதான் பிசகு. ஃபெயிலாகியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்.

தினமும் நாலு மணிக்கு, டீ நேரத்தில், படியில் காலடி கேட்கும். மூன்று படி ஏறும். என் கதவுக்கு வெளியே ஒரு நொடி நிற்கும். பிறகு மேலே போய்விடும். மேலே தட்டுவதும், சிரிப்பும், நாற்காலி இழுபடுவதும் கேட்கும். முதல் வாரம் நான் எழுந்து நின்றுகூடப் பார்த்திருக்கிறேன். அப்புறம் எழவில்லை.

காலையில் அறை துடைக்க டோரீன் வருவார். அந்த வேலைக்காரர்களை அங்கே பெட்டர் என்பார்கள், பெட் போடுபவர் என்ற அர்த்தத்தில். அறுபது வயசு, பக்கத்துச் சதுப்பு நிலத்துக்காரர், குரல் ஊருக்கே கேட்கும். முதல் நாள் பாட்டுப் பாடிக்கொண்டே குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். நாலைந்து நாள் ஆனதும் ஓக்கைத் திறந்துகொண்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிப்பு ஜாஸ்தியா கண்ணு?"

"ஆமா," என்றேன். வேறு என்ன சொல்ல?

"அதான் பாத்தேன். சரி சரி. நான் சத்தங்காட்டாம செஞ்சுட்டுப் போயிடறேன்."

அன்றிலிருந்து பாட்டு இல்லை. குப்பைக்கூடையைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவது மாதிரி எடுத்துக்கொண்டு போவார். அந்தப் பாட்டு ஒன்றுதான் என் அறைக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வாசல் காவலர் அறைப் பக்கத்துப் போனிலிருந்து வீட்டுக்குப் பேசுவேன். அம்மா என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். பிறகு அப்பா வருவார்.

"கதவு எப்படி இருக்கு? ஈரத்துக்கு உப்பிக்கலையே?"

"இல்லப்பா. நல்லா சாத்துது."

"அப்ப சரி," என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

எதிர் அறை நெரிஸைப் பற்றிச் சொல்லவேண்டும். வேல்ஸ்காரி. ப்ரெக்கன் பக்கம் ஆட்டுப் பண்ணை. வரலாறு படித்தாள். குட்டையான உருவம், அப்பாவுடையதோ என்னவோ, முழங்கால்வரை தொங்கும் ஒரு மழைக்கோட்டு. அவளுடைய ஓக் எப்போதும் திறந்தேதான் இருக்கும். சுவரோடு மடக்கிக் கொக்கி மாட்டியிருப்பாள். உள்கதவில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு ஆட்டின் படம் வரைந்து ஒட்டியிருந்தாள். ஆடு கொஞ்சம் நாய் மாதிரி இருந்தது. நாலு மணிக்கு அவள் கெட்டில் விசிலடிப்பது என் இரண்டு கதவையும் தாண்டி எனக்குக் கேட்கும்.

நான் அவளைத் துப்புக் கெட்டவள் என்றுதான் நினைத்தேன். மறைக்க விரும்பவில்லை. படியடிக்குக் கதவே கிடையாது, முற்றத்து மழை நேராக எங்கள் தளத்தில் அடிக்கும். கதவு இருந்தும் சாத்தத் தெரியாதவளை என்ன சொல்வது?

மூன்றாம் வாரம் சமையலறைக் குழாயடியில் மாட்டிக்கொண்டோம்.

"நீ எதிர் அறைதானே? கிரேக்?"

"ஆமா."

"நான் நெரிஸ். பேரச் சொல்லிக்க மூணு வாரம் ஆயிருக்கு பாரு நமக்கு." சிரித்தாள். கையில் ஒரு தகர டப்பா. "எங்கம்மா பழரொட்டி அனுப்பிருக்காங்க. ஊருக்கே போதும். ஒரு துண்டு எடுத்துக்கயேன்."

"வேணாம். இப்பதான் சாப்பிட்டேன்."

எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் மரியாதை. கொடுப்பவர் மறுபடி கேட்கவேண்டும், நாமும் மறுபடி மறுக்கவேண்டும், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ளலாம். அவள் மறுபடி கேட்கவில்லை. டப்பாவை மூடிவிட்டாள். பீன்ஸ் வாசனைக்கு நடுவில் அந்த ரொட்டியின் வாசனை எனக்கு ஒரு நொடி வந்துபோனது.

ஏதாவது பேசவேண்டும் என்று தோன்றியது. என்னிடம் இருந்தது ஒரே பேச்சு.

"உன் வெளிக்கதவு எப்பவும் தொறந்தே கெடக்கு. மழ உள்ள அடிக்கும்."

"அடிச்சா அடிக்கட்டும் போ," என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள். "நீ எப்பவுமே சாத்திதான் வச்சிருப்பியா?"

"ஆமா. அப்படியே பழகிப்போச்சு."

"ஓ." டப்பா மூடியை மறுபடி அழுத்தினாள். "சரி. நான் ஒண்ணும் தப்பா நெனச்சுக்கல. சில நாள் எனக்கும் அப்படித்தான் இருக்கும்."

அவள் அறை குளிரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஐந்தாம் வாரம் நான் டாக்டர் ஹேலைப் பார்க்கப் போனேன். பாடம் நடத்துபவர் அல்ல. என் நலனுக்குப் பொறுப்பு என்று கல்லூரி எனக்கு ஒதுக்கியிருந்த ஆசிரியர். வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"உடம்பு சரியில்லையா, மிஸ்டர் பென்னிங்டன்?"

"நல்லாத்தான் இருக்கு."

"வீட்ல ஏதாவது?"

"இல்ல."

"பாடம் பிடிக்கலையோ?"

"பிடிக்குது."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. எழுத வரலேன்னா விட்டுடுங்க, நெறையப் பேர் விட்டுடறாங்க." தாளை என் பக்கம் தள்ளினார். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள காவலர் அறையில என் கடிதப் பெட்டில போட்டுடுங்க. அதுக்குள்ள மனசு மாறினா கிழிச்சுப் போட்டுடலாம். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

நல்ல மனுஷர். கேட்டிருக்கலாம்.

ஆறாம் வாரம் செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. இரண்டரை மணி இருக்கும். நான் குடையை உதறிக்கொண்டு படியேறியபோது தளம் முழுக்கத் தண்ணீர். காற்று முற்றத்தைச் சுற்றி வந்து நேராக எங்கள் படிக்குள் ஊதிக்கொண்டிருந்தது. நெரிஸின் உள்கதவில் ஒட்டியிருந்த ஆடு நனைந்து கிழிந்து தொங்கியது. கதவுக்கு அடியில் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் புத்தகங்களைத் தரையில்தான் அடுக்கிவைத்திருப்பாள், போகிறபோது ஒருநாள் பார்த்திருக்கிறேன். எல்லாம் நூலகத்துப் புத்தகங்கள்.

அவள் கதவுக்கு முன்னால் நின்றேன். தட்டலாமா என்று யோசித்தேன். மழைச் சத்தத்தில் உள்ளே எதுவும் கேட்கவில்லை, பாடத்துக்குப் போயிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், தட்டித் திறந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கொஞ்சநேரம் அப்படியே நின்றேன். பிறகு ஓக்கின் கொக்கியைக் கழற்றி, இழுத்துச் சாத்தினேன். கனமான கதவு. சாத்தும்போது கட்டடமே ஒரு தடவை கனைத்தது மாதிரி இருந்தது. என் வாசலில் கிடந்த, கால் துடைக்கும் மிதியடியை எடுத்து அவள் கதவின் அடியில் இடுக்கையும் அடைத்தேன்.

அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். ஆறு வாரத்தில் முதல் தடவையாக ஒரு ஆளுக்கு உபயோகமாக ஏதோ செய்தேன் என்று மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. என் அறைக்குள் போய் இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு ரேடியேட்டரில் காலுறையைக் காயவைத்தேன். நாலு மணிக்குக் கெட்டில் விசிலடிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

புதன்கிழமையும் அவள் ஓக் சாத்தியே இருந்தது. வியாழக்கிழமையும். என் மிதியடி மட்டும் என் வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது. அவளுக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் ஹேலின் தாளை நிரப்பினேன். பெயர், பாடம், தேதி. காரணக் கட்டத்தைக் காலியாக விட்டேன். கையெழுத்துப் போட்டேன். காவலர் அறைக்குக் கிளம்பி வெளியே வந்தால், படியடியில் கல்லூரி பெயின்டர் ஒரு சின்னத் தூரிகையும் கறுப்புப் பெயின்ட்டுமாகப் பெயர்ப் பலகை முன்னால் நிற்கிறார். என் பெயருக்குக் கீழே இருந்த பெயர் பாதி மறைந்திருந்தது. 'என். ப்ரோ' வரைக்கும் போய்விட்டது. 'பர்ட்' மட்டும் மிச்சம். பக்கத்தில் ஜூலியன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதுக்கு அழிக்கிறாங்க?"

"நெரிஸ் போயிட்டாளே. நேத்துக் காலைல. அவங்கப்பா பண்ணை வண்டியக் கொண்டாந்து சாமானெல்லாம் ஏத்திட்டுப் போனாரு. ஆட்டு வாசனை இன்னும் வாசல்ல அடிக்குது." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நீ பாக்கலையா? பாத்திருக்கமாட்ட."

"ஏன் போயிட்டா?"

"யாரும் வரலயாம். நாங்க மேல இருக்கறவங்க மொத வாரம் ஒரு தடவ போனோம். அப்புறம் எனக்குப் படகு, ஃபிலிப்புக்கு நாடகம், வேற யாராவது போவாங்கன்னு ஆளாளுக்கு நெனச்சுக்கிட்டோம். தெனமும் அத்தன பேர் அவ கதவத் தாண்டித்தான் ஏறிப் போறோம். எங்க மேலதான் தப்பு." சைக்கிள் மணியை ஒரு தடவை அழுத்தினான். "செவ்வாக்கிழம எவனோ அவ ஓக்க வெளிய இருந்து சாத்திட்டானாம். உள்ள இருந்திருக்கா. அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்குப் போன் பண்ணிட்டா."

"சாத்தினா என்ன?"

"என்னது?"

"கதவச் சாத்தினா என்ன ஆச்சுங்கறேன். மழதானே."

ஜூலியன் என்னை முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரி பார்த்தான்.

"ஓக் சாத்தியிருந்தா யாரும் வராதீங்கன்னு அர்த்தம்ப்பா. தொறந்திருந்தா உள்ள வான்னு அர்த்தம். எந்தக் காலத்துலேர்ந்தோ அப்படித்தான். ஒருத்தரோட ஓக்க இன்னொருத்தர் வெளிய இருந்து சாத்தறதுன்னா, நீ எங்களுக்கு வேணாம், உள்ளயே கெடன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. யாரும் செய்யமாட்டாங்க. உனக்குத் தெரியாதா என்ன? நீதான் வந்த நாள்லேர்ந்து சாத்தியே வச்சிருக்கியே. நீ பெரிய படிப்பாளி, கிட்டப் போகக்கூடாதுன்னு நாங்கல்லாம் உன் வாசல்ல மெதுவா நடந்துட்டிருக்கோம். ஃபிலிப் ஷூவக் கழட்டிக் கையில எடுத்துட்டு ஏறறான்டா!"

நான் கையிலிருந்த தாளை மடித்தேன்.

"மொத நாளே பார்ல எல்லாருக்கும் சொன்னமே."

"நான் ஞாயித்துக்கிழமதான் வந்தேன். உன்னக் கேட்டேன். வழக்கமான உளறல்னு சொன்ன."

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். காது சிவந்துபோனது. பெயின்டர் 'பர்ட்'டையும் அழித்துவிட்டு டப்பாவை மூடினார்.

அப்போதுதான் ஊசியின் மரத்தல் விட்டது. ஒரேயடியாக வலித்தது. வெட்கம், கோபம், அப்பாமேல், ஜூலியன்மேல், அந்தக் கதவைச் செய்த தச்சன்மேல். எல்லாவற்றுக்கும் மேலே என்மேல். எத்தனை தடவை அந்தத் திறந்த ஓக்கைத் தாண்டிப் போயிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் அவள் வா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துப்புக் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். கடைசியில் நின்று, கைவைத்து, சாத்திவிட்டும் வந்தேன்.

சாத்தியவன் நான்தான் என்று ஜூலியனிடம் சொல்ல வாய் வரவில்லை. காவலர் அறைக்குப் போனேன். நெரிஸின் முகவரி வேண்டும் என்றேன். கொடுக்கக்கூடாது, கடிதம் கொடுத்தால் நாங்கள் அனுப்புகிறோம் என்றார் காவலர். கையில் வேறு தாள் இல்லை. டாக்டர் ஹேலின் தாளைத் திருப்பிப் போட்டு, அங்கேயே நின்றபடி எழுதினேன்.

'நெரிஸ், செவ்வாய்க்கிழமை உன் ஓக்கைச் சாத்தினது நான்தான். தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. புத்தகம் நனைந்துவிடும் என்று சாத்தினேன். அதற்கு ஓர் அர்த்தம் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என் கதவும் அர்த்தம் தெரியாமல்தான் சாத்தியிருந்தது. அந்த ரொட்டி எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. கிரேக் பென்னிங்டன், எதிர் அறை.'

காவலர் தந்த உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்த பிறகுதான், ஊருக்குப் போவதற்கு நான் கையெழுத்துப் போட்ட தாளும் அதோடு போய்விட்டது என்று உறைத்தது. டாக்டர் ஹேலிடம் போய் வேறொரு தாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கல்லூரி திடீரென்று இனித்துவிடவில்லை. பதில் வந்தால் வாங்க நான் அங்கே இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அறைக்கு வந்து ஓக்கை மடக்கிச் சுவரில் கொக்கி மாட்டினேன். அப்பா சொன்னது சரி, அறை குளிர்ந்துபோனது. அன்றைக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. திங்கட்கிழமை டோரீன் வந்து, திறந்து கிடந்த கதவைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பாட்டை ஆரம்பித்தார். நாலு மணிக்கு ஜூலியன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். பின்னால் ஃபிலிப், ஷூவைப் போட்டுக்கொண்டு. டீ குடித்தார்கள், படகைப் பற்றிப் பேசினார்கள். நன்றாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். வந்தார்கள், போனார்கள், மறுநாளும் வந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பா வழக்கம்போலக் கேட்டார்.

"கதவு எப்படிடா இருக்கு?"

"வெளிக்கதவத் தொறந்து வச்சிருக்கேன்ப்பா."



"குளிருமேடா."

"குளிருதுப்பா."

"சரி," என்றார். "அம்மாகிட்ட சொல்லி கம்பளிச் சட்டை ஒண்ணு அனுப்பறேன்."

பதில் எட்டாம் வாரம், பருவத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள் வந்தது. ப்ரெக்கன் முத்திரை. உறைக்குள் ஒரு சின்ன கடிதமும், நாலாக மடித்த டாக்டர் ஹேலின் தாளும்.

'கிரேக், உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கம் பார்த்தேன். காரணம் எழுதவில்லையே? நானும் எழுதவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. நான் திரும்பி வரமாட்டேன், அடுத்த வருஷம் ஸ்வான்ஸீயில் சேருகிறேன், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். புத்தகம் நனையவில்லை, உன் மிதியடிக்கு நன்றி.

ஒன்று மட்டும் சொல்கிறேன், வருத்தப்படாதே. அன்றைக்கு நான் உள்ளேதான் படுத்திருந்தேன். காலடிச் சத்தம் என் கதவுக்கு முன்னால் வந்து நின்றது. எல்லாரும் நிற்காமல் மேலே போய்விடுவார்கள். இது போகவில்லை. ரொம்ப நேரம் நின்றது. எழுந்து தலையை வாரிக்கொண்டேன். கெட்டிலில் ஜாடித் தண்ணீரை ஊற்றி வைத்தேன். கப் இரண்டு எடுத்து வைத்தேன். தட்டட்டும், உடனே திறக்கக்கூடாது, ஒரு நிமிஷம் கழித்துத் திறக்கலாம் என்று கதவுப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.'

நாலு மணிக்கு ஜூலியனும் ஃபிலிப்பும் வருவார்கள். அதற்குள் எழுந்துபோய்க் கொக்கியைக் கழற்றி ஓக்கைச் சாத்தினேன். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து சாத்தினேன். காலடிகள் வந்தன, என் வாசலில் நின்றன, மெதுவாக மேலே போயின. யாரும் தட்டவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.